பொதுக் காரணி

பூபாலன் அண்ணாச்சி எண் பொருத்தம் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒன்று என்பதைத் தவிர வேறு விடையைப் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளையின் எண்ணையும் பெண்ணின் எண்ணையும் கருவியில் ஏற்றுவார். கண்ணை மூடி உதட்டை அசைப்பார். உதட்டசைவு கருவிக்குத் தேவையில்லை, தட்சிணைக்குத் தேவை. பிறகு திரையில் ஒன்று என்று வரும். இரண்டு எண்களுக்கும் ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லை, ஆகவே ரத்த சம்பந்தமில்லை, தட்டை மாற்றலாம் என்று அர்த்தம். பெண்கள் குலவை போடுவார்கள்.

அறுநூறு இலக்கமுள்ள எண்கள் அவை. மாப்பிள்ளையின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு எருமை மாட்டுக்கு எண் கொடுத்து வைத்தாலும் விடை ஒன்றுதான் வரும். எல்லோரும் தேறிவிடுகிற பரீட்சை என்பதால்தான் ஊருக்கு அதன்மேல் அத்தனை நம்பிக்கை.

அதனால் செவ்வந்தியின் நிச்சயதார்த்தத்தன்று திரையில் ஒன்று வராமல், இடமிருந்து வலமாக முந்நூறு இலக்கங்கள் ஓடி வந்து நின்றபோது, பூபாலன் கருவியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். மறுபடி போட்டுப் பார்த்தார். அதே முந்நூறு இலக்கங்கள்.

"என்ன அண்ணாச்சி, நெட்டு கிட்டு போயிருச்சா?" என்று கேட்டார் செவ்வந்தியின் அப்பா குணசீலன். பருப்பு மில் வைத்திருப்பவர். எதையும் சலித்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்று சொல்லிக்கொள்பவர்.

பூபாலன் தொண்டையைச் செருமினார். "பொதுக் காரணி வருது."

குலவை போடத் தயாராக நாக்கை மடக்கி வைத்திருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

எண் என்பது வேறொன்றுமில்லை, பூட்டு. குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் இருக்கும் கருவி இரண்டு பெரிய பகா எண்களைத் தானாக யோசித்து எடுக்கும். இரண்டையும் பெருக்கி, வருகிற பெரிய பகு எண்ணை ஊரறிய அறிவிக்கும். பெருக்கப்பட்ட இரண்டும் மணிக்கட்டில் தோலுக்கடியில் வைக்கிற சில்லுக்குள் போய்விடும். அவைதான் சாவி. வீட்டுக் கதவு, வங்கிக் கணக்கு, பத்திரப் பதிவு, ஓட்டு எல்லாம் அந்தச் சாவிக்குத்தான் திறக்கும்.

இவ்வளவு பெரிய பகு எண்ணுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அது பகு எண்தான், பகா எண் அல்ல என்பதை எந்தக் கருவியும் கண நேரத்தில் சொல்லிவிடும். எவற்றால் வகுபடும் என்பதை மட்டும் உலகத்துக் கருவிகளெல்லாம் சேர்ந்தாலும் சொல்ல முடியாது. நம் ஜனங்களுக்கு இந்தக் குணம் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஒருத்தி கெட்டவள் என்பதை அவர்களும் கண நேரத்தில் சொல்லிவிடுவார்கள். எதனால் என்று மட்டும் கேட்கக்கூடாது.

பூட்டு எப்படிக் கல்யாணப் பொருத்தம் ஆனது என்றால், ஒரு படத்தால். எண்கள் வந்த புதிதில் மக்களுக்குப் புரியவைக்க எண் காப்பகம் ஒரு படம் வெளியிட்டது. வேட்டி கட்டிய பகா எண் ஒன்று, சேலை கட்டிய பகா எண் ஒன்று, நடுவில் தொட்டிலில் சிரிக்கும் பகு எண். படத்தின் கீழே இருந்த விளக்கத்தை யாரும் படிக்கவில்லை. அப்பாவிடமிருந்து ஒரு காரணி, அம்மாவிடமிருந்து ஒரு காரணி என்று ஊர் முடிவு கட்டியது. ஒற்றை எண்ணைப் பிரிக்க முடியாத கருவியும், இரண்டு எண்களுக்குப் பொதுவான காரணி இருந்தால் அதை எளிதாகச் சொல்லிவிடும் என்பதால், ஜாதகக்காரர்கள் கடையை மூடிவிட்டு மறுவாரமே கருவியோடு திறந்தார்கள். பூபாலன் அவர்களில் ஒருவர்.

ஆக, மாப்பிள்ளை நவநீதனுக்கும் செவ்வந்திக்கும் ஒரு காரணி பொது என்றால் என்ன பொருள்? மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் கணக்கில் புலியானார்கள்.

"அண்ணன் தங்கச்சியால்ல ஆகுது!" என்றாள் நவநீதனின் அம்மா சுலோச்சனா. "முருகா, கடைசி நேரத்துல காப்பாத்துன."

"அப்படின்னா யாரோ ஒருத்தர்..." என்று இழுத்தார் ஒருவர். இழுத்ததை முடிக்கவில்லை. முடிக்காமல் விடுவதில்தான் ருசி.

கணக்கு இரண்டு பக்கமும் சமமானது. குற்றம் என்று ஒன்று இருந்தால் அது மாப்பிள்ளை வீட்டிலும் நடந்திருக்கலாம், பெண் வீட்டிலும் நடந்திருக்கலாம். ஆனால் தராசு தானாகவே பெண் வீட்டுப் பக்கம் சாய்ந்தது. அதிலும் செவ்வந்தியின் அம்மா பரிமளத்தின் பக்கம். நகராட்சிக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். வேலைக்குப் போகிறவள். போகிற வழியில் யாரோடாவது பேசியிருப்பாள். நவநீதனின் அப்பா ஒருவரைத் தவிர எல்லோரும் பரிமளத்தையே பார்த்தார்கள். அவர், தான் செய்யாத ஒரு பராக்கிரமம் தன்மேல் ஏற்றப்படுவதை உணர்ந்து, மறுக்க மனமில்லாமல் மீசையை நீவிக்கொண்டிருந்தார்.

"நீங்க வேற! ஏதாச்சும் சொல்லுங்க," என்று அவரை இடித்தாள் சுலோச்சனா.

"நான் என்னத்தச் சொல்ல? எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்ல," என்றார் அவர்.

குணசீலன் மனைவியிடம் வந்தார். சத்தம் போடவில்லை. மரியாதையானவர்கள் சத்தம் போடுவதில்லை. "இவங்க கேக்குறாங்கல்ல? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லேன்."

பரிமளம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க கேக்குறீங்களா?"

"எல்லாரும் கேக்குறாங்க."

"நீங்க கேக்குறீங்களான்னு கேட்டேன்."

அவர் வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். பரிமளம் அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை.

ஊர்ச் சங்கத் தலைவர் தர்மலிங்கம் எழுந்தார். ஊரில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் முதல் வரிசையில் உட்காருகிறவர். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் கூடுவது, பரிமளம் மாரியம்மன் சூடத்தை அணைத்து உண்மையைச் சொல்வது, அதுவரை அவள் தன் தங்கை வீட்டில் இருப்பது என்று தீர்ப்பு சொன்னார். குணசீலன் தலையாட்டினார். சலித்துப் பார்த்து வாங்குகிறவர், இதைச் சலிக்காமல் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் செவ்வந்தி எண் காப்பகத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். குறை கேட்கும் மேஜையில் ஜெசிந்தா என்ற அதிகாரி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செவ்வந்தி நடந்ததைச் சொன்னாள். பொதுக் காரணி என்ற வார்த்தை வந்ததும் ஜெசிந்தா டப்பாவை மூடிவிட்டாள்.

"அந்தக் காரணிய எத்தன பேரு பாத்தாங்க?"

"மண்டபத்துல எல்லாரும். கருவிய மேடைத் திரையோட கோத்திருந்தாரு."

"போச்சு. உங்க பூட்டும் அந்தப் பையன் பூட்டும் இப்ப தெருவுல கெடக்கு. ஒரு காரணி தெரிஞ்சா வகுத்தா அடுத்தது வந்துரும். உங்க பேங்க் கணக்குல இருக்கிறத முதல்ல வேற எதுலயாவது மாத்துங்க."

"மேடம், நான் அதுக்கு வரல. எங்கம்மாவ வீட்ட விட்டு அனுப்பிட்டாங்க."

"எதுக்கு?"

"காரணி ஒன்னா இருக்குன்னு. அப்பாகிட்டருந்து ஒன்னு, அம்மாகிட்டருந்து ஒன்னுன்னு..."

"இன்னுமா அத நம்புறாங்க?" என்றாள் ஜெசிந்தா. "எண்ணுக்கும் ரத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. மெஷினு சும்மா யோசிச்சு எடுக்குறது. அதுலயும் பெருக்குறதுல எது முன்ன எது பின்னன்னு உண்டா? எதுக்கு வேட்டி கட்டுவீங்க, எதுக்குச் சேல கட்டுவீங்க?"

"அந்தப் படம்..."

"படம் நாங்க போட்டதுதான்." அவள் குரல் இறங்கியது. "உங்க எண்ணையும் உங்க அப்பா எண்ணையும் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல."

"யாருமே பாக்க மாட்டாங்க. அடுத்தவன் வீட்டுல நெருப்பு வைக்கிறதுக்கு முன்னாடி நம்ம வீட்டுல ஒரு தீக்குச்சிய ஒரசிப் பாக்கணும்னு எவனுக்குத் தோணும்? குடுங்க, அப்பா எண்ண."

போட்டாள். ஒன்று வந்தது. அம்மாவின் எண்ணைப் போட்டாள். ஒன்று.

"பாத்தீங்களா? அவங்க கணக்குப்படி உங்க அப்பாவும் உங்க அப்பா இல்ல, அம்மாவும் அம்மா இல்ல. உங்கள யாரு பெத்தா?"

செவ்வந்திக்குச் சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எனக்கும் அவருக்கும் மட்டும் ஏன் ஒன்னா வந்துச்சு?" என்று கேட்டாள்.

"நீங்க ரெண்டு பேரும் முதல் முகூர்த்தக் கொழந்தைங்களா?"

"ஆமா." அதைத்தான் இரண்டு வீட்டாரும் பெருமையாகப் பேசி இந்தச் சம்பந்தத்தையே ஆரம்பித்தார்கள். கருவிகள் ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்தில் எண் வாங்கிய குழந்தைகளுக்கு ஊரில் தனி மதிப்பு. அந்த நிமிடத்துக்காகப் பெரிய வீடுகளில் நாள் குறித்து வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தார்கள்.

"மெஷினு யோசிக்கணும்னா அதுக்குள்ள ஏதாச்சும் இருக்கணும்," என்றாள் ஜெசிந்தா. "ரெண்டு நாள் ஓடவிட்டா சூடு, சத்தம், ஆள் வந்து போறதுன்னு ஏதாவது சேரும். அதுலருந்துதான் எண்ண எடுக்கும். இப்பதான் கண்ணு முழிச்ச மெஷினுக்கு மணி எத்தனங்கிறதத் தவிர ஒன்னும் தெரியாது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் வேற வேற நேரத்துல போட்டிருந்தாக்கூட தப்பிச்சிருப்போம். மாவட்டம் பூரா நல்ல நேரம் பாத்து ஒரே நொடியில சுவிட்சப் போட்டாங்க. எல்லா மெஷினும் மொதல்ல ஒரே பகா எண்ணத்தான் நெனச்சுது. ரெண்டாவது எண்ண எடுக்குறதுக்குள்ள கொழந்தைங்க அழுத சத்தம் ஏதோ சேந்து மாறிப்போச்சு."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஜெசிந்தா டப்பாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள். "தெரியும். சொன்னா ஜனங்க பயப்படுவாங்கன்னு மேல சொல்லிட்டாங்க. நானும் சரின்னுட்டேன்."

"இப்ப எங்கம்மாவுக்காக வந்து சொல்லுவீங்களா?"

ஜெசிந்தா நல்லவள் என்பதால் வந்தாள் என்று சொல்ல ஆசைதான். பூட்டு உடைந்தது திரையில் ஊரே பார்க்க நடந்துவிட்டது. இனி மறைக்க முடியாது என்பதால் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் கூட்டம் கல்யாணத்தைவிட அதிகம். நடுவில் ஒரு தாம்பாளத்தில் சூடம் தயாராக இருந்தது. பரிமளம் பெண்கள் வரிசையின் ஓரத்தில் தங்கையோடு உட்கார்ந்திருந்தாள். அழுத கண்ணைப் பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். அவள் தலைக்குக் குளித்து, வேலைக்குப் போகும்போது கட்டுகிற சாதாரணச் சேலையைக் கட்டியிருந்தாள்.

ஜெசிந்தா எழுந்து கருவியின் கதையைச் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

"மெஷினு பொய் சொல்லாதும்மா," என்றார் தர்மலிங்கம். "மனுசன்தான் சொல்லுவான். அதிலயும் பொம்பள..." என்று தொடங்கி, அதிகாரியும் பெண் என்பது நினைவுக்கு வந்து, மிச்சத்தை விழுங்கினார்.

"சரி சார். உங்க எண்ணக் குடுங்க."

"என் எண் எதுக்கு?"

"தலைவர் நீங்க. நீங்களே தொடங்கி வச்சாத்தான நல்லா இருக்கும்? உங்க மகனும் முதல் முகூர்த்தம்தான?"

அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. ஊருக்குத் தெரிந்த பெருமையை இன்னொரு முறை ஊருக்குச் சொல்லக் கிடைத்த வாய்ப்பு. "மாவட்டத்துலயே மொத எண் அவனுதுதான்!" என்று இரண்டு எண்களையும் கொடுத்தார்.

"பூபாலன் அண்ணாச்சி, உங்க கருவியிலயே போடுங்க. அப்புறம் எங்க மெஷினு ஏமாத்துதுன்னு சொல்லக்கூடாது."

பூபாலன் போட்டார். கண்ணை மூடினார், உதட்டை அசைத்தார். திரையில் ஒன்று வந்தது.

"ஒன்னு! பொருத்தம் அமோகம்!" என்று பழக்கதோஷத்தில் கூவினார். பின்வரிசையில் ஒருத்தி குலவையே போட்டுவிட்டாள்.

"பொதுக் காரணி இல்ல," என்றாள் ஜெசிந்தா. "உங்க சாஸ்திரப்படி அப்பாவுக்கும் மகனுக்கும் ரத்த சம்பந்தம் இல்லன்னு அர்த்தம். அப்படித்தான அண்ணாச்சி?"

பூபாலன் கருவியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

"இப்ப அதே மகன் எண்ணையும் நவநீதன் எண்ணையும் போடுங்க."

"வேண்டாம்," என்றார் தர்மலிங்கம்.

"போடும்யா," என்று பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. தர்மலிங்கத்தின் மனைவி மங்களம், புருஷனைப் பார்த்துத்தான் சொன்னாள். "நாலு நாளா பரிமளத்த வாயில போட்டு மென்னீரே, இப்பவும் போடும்."

பூபாலன் கருவியை நிமிர்த்திப் போட்டார். முந்நூறு இலக்கங்கள் ஓடி வந்து நின்றன. நிச்சயதார்த்தத்தில் வந்த அதே முந்நூறு. முதல் முகூர்த்தத்தில் பிள்ளை பெற்ற வீடுகள் அந்தக் கூடத்தில் நிறைய இருந்தன. அந்த வீட்டுக்காரர்கள் சட்டைப்பையில் இருந்த தங்கள் கைக்கருவியைத் தொட்டார்கள், எடுக்கவில்லை.

"உங்க கணக்குப்படி மாவட்டத்துல மொத முகூர்த்தத்துல பொறந்த எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அப்பா," என்றாள் ஜெசிந்தா. "யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

நவநீதனின் அப்பா மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவ்வளவு பெரிய பராக்கிரமம் அவருக்கே அதிகமாகப் பட்டது.

மங்களம் எழுந்து நின்றாள். "ஏன்யா, இப்ப என்னய எந்தக் கோயில்ல சூடம் அணைக்கச் சொல்லப் போறீரு?"

அந்த நொடியில் ஊருக்கு அறிவியல் வந்தது. அதுவரை நாலு நாளாக எட்டிப் பார்க்காத அறிவியல், தங்கள் வீட்டு வாசலில் நெருப்புப் பட்டதும் ஓடோடி வந்தது. மெஷின் கோளாறுதான் என்று தனக்கு அன்றைக்கே தோன்றியதாகத் தர்மலிங்கம் சொன்னார். புதுக் கருவியை யாராவது ஓடவிடாமல் வேலை வாங்குவார்களா என்று ஒருவர் கேட்டார். பூபாலன் தாம்பாளத்திலிருந்த சூடத்தை எடுத்து வேட்டியில் முடிந்துகொண்டார். சுலோச்சனா பரிமளத்தின் கையைப் பிடித்தாள்.

"மதினி, மனசுல ஒன்னும் வச்சுக்காதீங்க. மண்டபம் வெள்ளிக்கிழமையும் காலியாத்தான் இருக்காம். தட்ட மாத்திருவோம்."

பரிமளம் கையை உருவிக்கொண்டாள். சண்டைக்காரி போல அல்ல. சேலை முந்தானையைச் சரிசெய்கிறவள் போல.

நவநீதன் செவ்வந்தியிடம் வந்தான். நாலு நாளில் ஒரு முறையும் அவன் பேசவில்லை. "நான் அப்பவே நெனச்சேன் செவ்வந்தி, இதுல ஏதோ தப்பு இருக்குன்னு."

"நெனச்சீங்களா?"

"ஆமா."

"வாயத் தொறந்து சொன்னீங்களா?"

"அம்மா இருந்தாங்கல்ல... இப்பதான் கணக்கு சரியாயிருச்சுல்ல?"

"கணக்கு சரியாயிருச்சு. நீங்க அந்தக் கணக்கையே கட்டிக்கங்க," என்று சொல்லிவிட்டு அவள் அம்மாவிடம் போனாள்.

உடைந்த எண்களை மாற்றித்தர மறுநாள் காப்பகத்தில் தனி வரிசை வைத்தார்கள். முதல் முகூர்த்தக் குடும்பங்களெல்லாம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றன. புது எண் பதிவேட்டில் கடைசி எண். நேற்றுப் பிறந்த கூலிக்காரன் பிள்ளைக்குப் பின்னால் வருகிற எண். நிறையப் பேருக்கு வீட்டுப் பூட்டு உடைந்ததைவிட அதுதான் வலித்தது.

செவ்வந்தியின் மணிக்கட்டில் புதுச் சில்லு வைத்து முடித்ததும் பரிமளம் தன் கையை நீட்டினாள்.

"உங்களுக்கு எதுக்கும்மா?" என்றாள் ஜெசிந்தா. "உங்க எண் நல்லாத்தான இருக்கு. பெரியவங்க எண்ணெல்லாம் அப்புறமா முகாம்ல எடுத்தது. அதுல கோளாறு இல்ல."

"மாத்தக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

"இல்ல. கேட்டா குடுக்கணும். ஆனா மாத்துனா பழைய தொடர்பெல்லாம் அறுந்துரும். உங்க வீட்டுக் கதவு உங்களுக்குத் தொறக்காது. கூட்டுக் கணக்குல உங்க சம்பளம் போகாது. குடும்ப அட்டையில உங்க பேரு நிக்காது. உங்க வீட்டுக்காரர் புதுசா விண்ணப்பம் போட்டு உங்களக் கேக்கணும். நீங்க சம்மதிச்சாத்தான் சேரும்."

"அதுக்குத்தான் கேக்குறேன்," என்றாள் பரிமளம்.

குணசீலன் வரிசைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவளை வீட்டுக்கு அழைத்துப் போக வண்டி கொண்டு வந்திருந்தார். அம்மாவும் மகளும் அவரைக் கடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போனார்கள்.

பேருந்தில் செவ்வந்தி கேட்டாள். "ஏம்மா, அன்னைக்கு இல்லன்னு ஒரு வார்த்த ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, அவங்க கேட்டது நியாயமான கேள்வின்னு ஆயிருக்கும்," என்றாள் பரிமளம். ஜன்னலை இழுத்து மூடினாள். தூசு.

சில மாதம் கழித்து, கார்த்திகை பிறந்த பிறகு குணசீலனின் விண்ணப்பம் வந்தது. அதுவரை அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று தெரியவில்லை. அவளே திரும்பி வருவாள் என்று நினைத்திருக்கலாம். பரிமளத்தின் தங்கை வீட்டு மாடியில் அம்மாவும் மகளும் தனியாகச் சமைக்கத் தொடங்கியிருந்தார்கள். செவ்வந்தி திரையைப் படித்துக் காட்டினாள்.

"குணசீலன் என்பவர் தங்களைத் தம் குடும்பத்தில் மனைவியாகச் சேர்த்துக்கொள்ள அனுமதி கோருகிறார்."

"கீழ என்ன போட்டிருக்கு?"

"காரணம்னு ஒரு கட்டம்."

"அதுல என்ன எழுதியிருக்காரு?"

செவ்வந்தி படித்தாள். "குற்றமில்லை என நிரூபணம் ஆனதால்."

பரிமளம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். ஈரத்தைச் சேலையில் துடைத்துவிட்டு வந்து, மறுப்பு என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

மறுப்புக்கும் காரணம் கேட்டது திரை.

"என்னன்னும்மா போட?"

"ஒன்னும் போடாத," என்றாள் பரிமளம். "அப்படியே அனுப்பு."